நீலம் போன இடம்

ஜூன் 3, செவ்வாய்

என் கணவருக்கு வலிப்பு வந்தால் நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் குறித்து வரும்படி நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். என்ன மருந்து, என்ன சாப்பாடு, எதுவானாலும் எழுதுங்கள் என்றார். நான் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று ஃபேர் நோட்டு, டாக்டருக்கு. பழுப்பு அட்டை போட்டு, கட்டம் கட்டி, தலைப்பும் எழுதியாயிற்று. இது ரஃப் நோட்டு, எனக்கு. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவளுக்கு இரண்டு நோட்டு இல்லாமல் வேலை ஓடாது. ரஃப் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கலாம். ஃபேர் நோட்டில் சரியான விடை மட்டும்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் திரும்பவில்லை. பேச்சு மெதுவாகத் திரும்பிவிட்டது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் வலிப்பு வந்தது. ஏப்ரல் 20க்குப் பிறகு வரவில்லை, இன்றோடு நாற்பத்து நான்கு நாள். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு ஒன்று வந்தால் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னார். அதை ஃபேர் நோட்டில் எழுதவில்லை.

காலை மாத்திரையைக் கொடுப்பது பேச்சியம்மாள். பின்தெருக்காரி. ஏழு மணிக்கு வந்து இவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மதியம் போவாள். இரவு மாத்திரை என் பொறுப்பு.

பகல் முழுவதும் இவர் கூடத்தில் மீன் தொட்டிக்கு எதிரேதான். சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் நான்கடித் தொட்டி வாங்கி, நிலம் அளப்பதுபோல அளந்து செடிகளை நட்டார். பின்னால் உயரமான புல், நடுவே ஒரு மரவேர், முன்னால் குட்டைச் செடிகள், அவற்றுக்கிடையே பதினான்கு நியான் மீன்கள். இப்போது இவர் சொல்லச் சொல்ல நான் கைவேலை செய்கிறேன். சொல்வதை எல்லாம் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 5, வியாழன்

மரவேரிலிருந்து சாயம் இறங்கித் தொட்டி நீர் டீ வடித்ததுபோல் இருக்கிறது. இவருக்கு அது பிடிக்கும், மீனுக்கும் அதுதான் பிடிக்கும் என்கிறார். எனக்கோ அழுக்கு நீருக்கு எதிரே ஒரு நோயாளியை உட்கார வைத்திருப்பதாகப் படுகிறது. மேலப்பாளையத்தில் வளர்ப்பு மீன் விற்கும் செய்யது பாய் கடைக்குப் போன் செய்து, வடிகட்டியில் போடுகிற கரி ஒரு பை வரவழைத்தேன்.

இவர் பையைப் பார்த்ததும் என் பெயரைச் சொல்லித் தலையை ஆட்டினார். "செடி வச்ச தொட்டி, வயலட். கரி உரத்தயும் சேத்துத் தின்னுரும்."

ஒரு வாரம் மட்டும் என்று சொல்லி, அவர் மதியம் கண் அயர்ந்த நேரத்தில் போட்டுவிட்டேன். கழுவக் கழுவக் கருப்பு நீர் வந்துகொண்டே இருந்தது. ரேகைக்குள் போன கருப்பு சோப்புக்கும் போகவில்லை.

ஜூன் 7, சனி

கண்ணாடி மாதிரி நீர். பதினான்கு மீனையும் எண்ண முடிகிறது.

பேச்சி வாயைப் பிளந்து நின்றாள். கரிதான் இப்படிச் செய்தது என்றால் அவளுக்கு நம்ப முடியவில்லை. உட்கார வைத்து விளக்கினேன். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள். உள்ளே இடம் இருந்தாலும் பையன்கள் படிக்கட்டிலும் கம்பியிலும் தொங்குகிறார்கள் இல்லையா? கரி அப்படி ஒரு பஸ். ஒரு துண்டுக் கரிக்குள் ஆயிரம் படிக்கட்டு. நீரில் போகிற சாயம், நாற்றம் எல்லாம் தொற்றிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

இவர் நாற்காலியிலிருந்து சொன்னார்: "நல்ல பையனா கெட்ட பையனான்னு பஸ்ஸுக்குத் தெரியுமா?"

பேச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். பழைய கிண்டல் திரும்பிவிட்டது என்று மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

இவருக்கு வயிறு உப்பல். ஒரு இட்லி இறங்கினால் பத்து ஏப்பம். மருந்துக்கடையில் கேட்டேன். வாயுவுக்குக் கரி மாத்திரை இருக்கிறது, சீட்டு வேண்டாம் என்று கடைக்காரர் ஓர் அட்டை கொடுத்தார். வாங்கும்போதே எனக்குச் சிரிப்பு. தொட்டியில் கிடக்கும் அதே கரிதான். தொட்டிக்கும் இவருக்கும் ஒரே வைத்தியம்.

காலை இரண்டு, இரவு இரண்டு. மறக்கக்கூடாது என்பதற்காக வலிப்பு மாத்திரை வைக்கும் சிறு கிண்ணத்திலேயே இதையும் சேர்த்துப் போட்டு வைக்கிறேன். ஃபேர் நோட்டில் எழுதவில்லை. இது மருந்து இல்லையே.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று இட்லி. ஏப்பம் இல்லை.

ஜூன் 11, புதன்

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சி கேட்டாள், இந்தக் கருப்பு மாத்திரையை டாக்டர் சொன்னாரா என்று. கரி உடம்பில் சேராது, வந்த வழியே போய்விடும், அதனால் கெடுதல் செய்ய வாய்ப்பே இல்லை என்று விளக்கினேன். சரி டீச்சரம்மா என்றாள். ஆனாலும் கிண்ணத்தை ஒரு தரம் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

படிக்காதவர்களுக்குக் கருப்பாக இருந்தாலே பயம்.

ஜூன் 14, சனி

கரி போட்டு ஒன்பது நாள். எடுக்கவில்லை. நீர் இவ்வளவு அழகாக இருக்கும்போது எடுக்க மனம் வரவில்லை.

புது இலைகள் வெளுத்து வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று இவர் விரலால் காட்டினார். இரும்புச் சத்து இல்லை என்றார். வாராவாரம் உரம் ஊற்றத்தான் செய்கிறேன். அளவு குறையவில்லை. இவருக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

காலை 10.20. வலிப்பு. இரண்டு நிமிடம்.

ஐம்பத்தேழு நாளுக்குப் பிறகு.

ஃபேர் நோட்டில் முதல் கட்டம் நிரம்பியது. நின்றபடியே எழுதியதில் எழுத்து கோணிவிட்டது. அதை அடித்துவிட்டு எழுதவும் முடியாது.

ஜூன் 18, புதன்

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசுவார். இன்று நோட்டையும் பார்த்தார், காகிதத்தையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரத்தத்துல மருந்து பாதிகூட இல்லயே டீச்சர். மாத்திரய யாரு குடுக்காங்க?"

காலையில் ஆயா, இரவில் நான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் நான் பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன், என்னை யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினேன். எண்ணிக்கை மிகச் சரியாக இருந்தது. டப்பாவிலிருந்து வெளியே வந்திருக்கிறது, ரத்தத்துக்குள் போகவில்லை. அப்படியானால் நடுவில் ஓர் இடத்தில் காணாமல் போகிறது. இரவு என் கையால் கொடுக்கிறேன், இவர் விழுங்குவதைப் பார்க்கிறேன். மீதி இருப்பது காலை வேளை.

ஜூன் 20, வெள்ளி

நேற்றும் இன்றும் பேச்சி மாத்திரை கொடுப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சரியாகத்தான் கொடுத்தாள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் சரியாகத்தான் செய்வார்கள். தேர்வு அறையில் பார்த்திருக்கிறேன்.

மென்மையாகத்தான் கேட்டேன். மறந்து வெளியே போட்டிருந்தால்கூடச் சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன் என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "நாந்தான் கையால குடுக்கேன் டீச்சரம்மா. முழுங்குன பொறவு வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் டம்ளரயே கீழ வைக்கேன். வேணும்னா சார்ட்ட கேளுங்க."

இவரிடம் கேட்கவில்லை. இவருக்கு ஞாபகம் சரியில்லை என்று அவளிடம் சொன்னேன். இவர் காதில் விழுந்திருக்கும். தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளையிலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசல்படியில் நின்று, சாருக்கு இடது காதில் தண்ணீர் போகாமல் குளிப்பாட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 21, சனி

குளிப்பாட்ட ஒன்றரை மணி நேரம். என் இடுப்பு போய்விட்டது. இரண்டு வேளையும் நானே கொடுத்தேன். இவர் என்னோடு பேசவில்லை.

ஜூன் 23, திங்கள்

மீன்களின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். இவர்தான் முதலில் கண்டார். மூன்று நாளாகப் பேசாதவர் அதற்காக வாய் திறந்தார். செய்யது பாய் ஒரு நீல மருந்து கொடுத்துவிட்டார். வழக்கமான அளவு ஒரு மூடி. நியான் மீனுக்கு அதில் பாதி போதும், பொடிசு, தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். செடிக்கும் ஆகாதாம், வேறு வழியில்லை.

பாதி மூடி ஊற்றினேன். நீர் மயில் கழுத்து நிறமானது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் நீர் பளிங்கு. நீலம் ஒரு துளி இல்லை. புள்ளிகள் கூடியிருக்கின்றன. மருந்து பழசு போலிருக்கிறது. ஒரு மூடி ஊற்றினேன்.

ஜூன் 25, புதன்

மறுபடியும் பளிங்கு. இரண்டு மூடி ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது. இவ்வளவு நீலம் எங்கே போகிறது?

ஜூன் 26, வியாழன்

காலை 7.40. வலிப்பு. நான்கு நிமிடம் பத்து நொடி.

நான்காவது நிமிடத்தில் இவர் உதடு நீலமாயிற்று. ஐந்து வரக்கூடாது என்று கடிகாரத்திடம் கெஞ்சினேன். கர்த்தரிடம் கெஞ்ச வேண்டியவள் கடிகாரத்திடம் கெஞ்சினேன்.

மதியம் டாக்டர். ரத்தத்தில் இன்னும் குறைவு. இப்போது இரண்டு வேளையும் நானே கொடுக்கிறேன் என்று அழுத்திச் சொன்னேன். சிலர் உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும் என்றார். மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். இன்னொன்றும் கேட்டார்: வேறு ஏதாவது மருந்து, கஷாயம், நாட்டு வைத்தியம்?

இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

பேச்சி போய் ஆறு நாள் ஆகிறது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் செய்யது பாய்க்குப் போன் செய்து மருந்து சரியில்லை என்று சண்டை பிடித்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"டீச்சர், பில்டர்ல கரி கெடக்கா?"

கிடக்கிறது என்றேன்.

"சரியாப் போச்சு. நீங்க மீனுக்கு மருந்து ஊத்தல டீச்சர். கரிக்கு ஊத்திருக்கிய."

ஒன்பதாம் வகுப்புக்கு வருடந்தோறும் நான் செய்து காட்டும் சோதனை அது. ஒரு குவளை நீரில் பேனா மையைக் கலப்பேன். கரித்தூள் போட்டுக் குலுக்குவேன். வடிகட்டினால் நிறமற்ற நீர் சொட்டும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மை எங்கே போச்சு என்று கேட்பேன். "கரி மேல ஒட்டிக்கிச்சு டீச்சர்" என்று அறுபது குரல் ஒன்றாகச் சொல்லும். மையைப் பிடித்துக்கொண்ட கரி மருந்தைப் பிடித்துக்கொள்ளாது என்று நான் எப்படி…

கரிப் பையை வடிகட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

மாலையில் மருந்து அலமாரியை ஒழுங்கு செய்தேன். வேண்டாத சில அட்டைகளைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக் குப்பைக்கூடையில் போடவில்லை, ஏனென்றால் அது நிறைந்திருந்தது.

இரவு எட்டு மணிக்கு இவர் கிண்ணத்தைப் பார்த்தார். "கருப்பு மாத்திர எங்க?"

கடையில் இருப்பு இல்லை என்றேன்.

ஜூன் 28, சனி

கரி இல்லாத தொட்டிக்கு மருந்து ஊற்றினேன். புள்ளி மிகவும் முற்றியிருப்பதால் இரண்டு மூடி. இம்முறை நீலம் நிற்கிறது.

இவருக்கும் புது அளவு. இன்று நன்றாகத் தூங்கினார். பகலிலும் தூங்கினார். நடுக்கம், சிலிர்ப்பு எதுவும் இல்லை. எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது. டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. சரியாகிவிட்ட பிறகு எதற்குப் பழைய கதை?

பேச்சியைக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

தொட்டியில் பதினொரு மீன் செத்து மிதந்தது. மீதி மூன்று மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. நீர் மட்டும் நல்ல நீலம். செய்யது பாயிடம் சொன்னேன். அவர் இம்முறை கிண்டல் செய்யவில்லை. கரி இருந்தபோது தாங்கிய அளவை, கரியை எடுத்த பிறகும் ஊற்றலாமா டீச்சர் என்றார். தின்கிறவன் போய்விட்டான், ஆக்கிப்போடுவதைக் குறைக்க வேண்டாமா என்றார்.

பதினொன்றையும் வலையால் அள்ளி ஒரு தட்டில் வைத்தேன். இவர் பார்த்துவிடக்கூடாது என்று துண்டால் மூடினேன். ஆனால் இவர் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. என்னங்க என்று மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்றாவது தரத்துக்குத்தான் "ம்" என்றார்.

இரவு எட்டு மணி. புது அளவு மாத்திரைகள் கிண்ணத்தில் இருக்கின்றன. கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தட்டில் பார்த்தேன். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடிகாரத்தில் பார்த்தேன். டாக்டரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்று கேட்பார்.

கொடுத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நாக்கு குழறுகிறது. எழுப்பி நிறுத்தினால் குடித்தவர்போலச் சாய்கிறார். கண்மணி இரண்டும் பக்கவாட்டில் துடிக்கின்றன, நிற்கவே இல்லை. காலை மாத்திரை கொடுக்கவில்லை. தூக்கக் கலக்கம்தான் என்று பத்து மணி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தரைக்குப் பின்தெருவுக்கு நடந்தேன்.

பேச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று, தனியாக இவரைத் தூக்க முடியவில்லை என்றேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

இவரைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டினாள். "சார், யாரு வந்திருக்கான்னு பாருங்க." இவர் உதடு அசைந்தது. அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் வந்தது.

ஆட்டோவில் இவர் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "அந்தக் கருப்பு மாத்திரய நிப்பாட்டிட்டியளா டீச்சரம்மா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

அதே நாள், மதியம். ஆஸ்பத்திரித் தாழ்வாரம்.

உள்ளே ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மூச்சு மெதுவாகிறது என்று நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. டாக்டர் வெளியே வந்து, அளவு இரண்டு மடங்கானால்கூட இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாதே என்றார். நோட்டைக் கேட்டார். எடுத்து வைக்கிறேன் என்றேன். உள்ளே போனார்.

பையில் இரண்டு நோட்டும் இருக்கின்றன. ஃபேர் நோட்டில் மூன்று பத்தி, இரண்டு வலிப்பு, தேதி, நேரம், நிமிடம். ஒரு பிழை இல்லை. கரி என்ற சொல்லும் இல்லை. அதைக் கொடுத்தால் என்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது. இவரையும் யாரும் சரியாகப் பார்க்க முடியாது.

பேச்சி இவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் இருக்கிறாள். "எந்த நோட்டு டீச்சரம்மா, அட்ட போட்டதா?" என்று கேட்டு அதை எடுத்து நீட்டினாள். அதை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

டாக்டர் பக்கம் புரட்டித் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அதனால் இந்த ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவருக்காகத் தெளிவாக எழுதுகிறேன்.

ஜூன் 9 இரவு முதல் ஜூன் 27 காலை வரை, தினமும் நான்கு கரி மாத்திரைகள், வலிப்பு மாத்திரையோடு சேர்த்து, ஒரே கிண்ணத்தில். ஜூன் 27 இரவு முதல் நிறுத்தப்பட்டது, உங்களிடம் சொல்லாமல். இரட்டிப்பு அளவு ஜூன் 26 இரவு முதல் நேற்று இரவு வரை. பேச்சியம்மாள் ஒரு வேளையும் தவறவிடவில்லை.

கிண்ணத்தில் போட்டது நான்.